மண்ணில் விளைந்த மருந்தும் உஷ்ணத்தில் பிறந்த புரதமும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த இருபது ஆண்டுகளில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருந்த பெரிய மருந்துக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உலகின் நானா திசைகளிலிருந்தும் மண் வந்து குவிந்தது என்பது, அக்காலத்து வைத்திய சரித்திரத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றக்கூடிய செய்தி. 1943-இல் நியூஜெர்சி மாகாணத்து ரட்கர்ஸ் கலாசாலையில், செல்மன் வாக்ஸ்மனிடம் மாணவராக இருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்து, காசநோய்க்கு அதுவரை இல்லாத ஒரு மருந்தை வெளிக்கொணர்ந்த நாள்முதல், மருந்து தேடுகிறவன் முதலில் மண்ணைத் தேட வேண்டும் என்ற நம்பிக்கை அந்தத் தொழிலில் வேரூன்றிவிட்டது. வெனிஸுவேலாவின் மண் குளோராம்பெனிகாலைத் தந்தது. பிலிப்பைன் தீவுகளின் மண் எரித்ரோமைசினைத் தந்தது. பிரான்ஸின் தென்கடற்கரையில் ஒரு பைன் தோப்பிலிருந்து எடுத்த மண் ரிஃபாமைசினைத் தந்தது. நம் ஊர்க் காசநோய் ஆஸ்பத்திரிகளில் இன்றும் கொடுக்கப்படுவதும், உட்கொண்டவரின் சிறுநீரைச் சிவக்க வைத்து முதல் நாளில் அவரைக் கலவரப்படுத்துவதுமான ரிஃபாம்பிசின், இந்தக் கடைசிப் பொருளின் வம்சத்தில் வந்ததுதான்.

இந்த ரிஃபாமைசினுக்கு ரசாயன அமைப்பில் உறவுடைய ஒரு பொருளை, மிச்சிகன் மாகாணத்தில் காலமஜூ என்னும் ஊரை இருப்பிடமாகக் கொண்ட அப்ஜான் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ராஸ்கோபிகஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்து, 1970-இல் கெல்டனமைசின் என்ற பெயரிட்டுப் பிரசுரித்தார்கள். ஏக உயிரணுப் பிராணிகளை அது ஓரளவு கொன்றதே தவிர, பாக்டீரியாக்களிடமும் பூஞ்சைகளிடமும் அதன் ஜம்பம் அதிகமாகச் சாயவில்லை. கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தொழிலில், கிருமிகளைச் சரிவரக் கொல்லாத மருந்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? புற்று உயிரணுக்களையும் அது கொல்லுகிறது என்று தெரிந்திருந்தும், எதனால் கொல்லுகிறது என்பது விளங்காத நிலையில், கெல்டனமைசின் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்காலம் அலமாரியிலேயே கிடந்தது.

அதற்குத் துணையாக வேறு இரண்டு பொருள்களும் அதே அலமாரியில் இருந்தன என்று சொல்லலாம். 1953-இல் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த ராடிசிகால் ஒன்று. 1979-இல் டோக்கியோவின் கிடசாட்டோ நிலையத்தில், பிற்காலத்தில் வேறொரு மண் மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற சடோஷி ஒமுராவின் குழுவினர் களைக்கொல்லியாகக் கண்டெடுத்த ஹெர்பிமைசின் மற்றொன்று. களையைக் கொல்ல வந்த இந்தப் பொருளைத்தான் 1980-களின் மத்தியில் உவேஹாரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ஒரு புற்று வைரஸால் உருமாறிப்போயிருந்த எலியின் சிறுநீரக உயிரணுக்கள்மீது இட்டுப் பார்த்தார். அந்த உயிரணுக்கள் இறந்துபோயிருந்தால் அதில் வியப்பொன்றுமில்லை. விஷம் எதையும்தான் கொல்லும். அவை இறக்கவில்லை, தங்களுடைய விபரீத ரூபத்தை விட்டுவிட்டு, பழைய சுபாவமான ரூபத்துக்குத் திரும்பின. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்கள் இந்தச் செய்தியை எத்தனை ஆவலுடன் படித்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் அந்த வைரஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிலையத்தில் பணியாற்றிய பேட்டன் ரௌஸ் என்பவர், ஒரு கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டி, உயிரணு எதுவும் கலவாத அந்த வடிநீரை வேறு கோழிகளுக்குச் செலுத்தினால் அவற்றுக்கும் கட்டி வருகிறது என்று 1911-இல் வெளியிட்டார். அக்காலத்து அறிஞர்களில் பலர் அதை நம்பவில்லை. நம்பியவர்களும் கோழிக்கு வருவதால் மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று ஒதுக்கிவிட்டார்கள். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 1966-இல், தம்முடைய எண்பத்தேழாவது வயதில் அவர் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸ் சுமந்துவரும் ஒரே ஒரு ஜீன்தான் இந்த அனர்த்தத்துக்கெல்லாம் காரணம் என்பதும், 'ஸார்க்' என்ற அந்த ஜீன் உண்மையில் கோழியினுடையதேயன்றி வைரஸினுடையது அன்று என்பதும், அது உண்டாக்கும் புரதம் மற்றப் புரதங்களின்மீது பாஸ்பேட்டைப் பொருத்தி அவற்றை ஓயாமல் தூண்டிவிடும் ஒரு நொதி என்பதும் 1970-களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாயின. 1981-இல் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. புதிதாக உண்டாகும் ஸார்க் புரதம் உயிரணுவுக்குள் தனியாக நடமாடுவதில்லை. இரண்டு புரதங்கள் அதை இருபுறமும் பற்றிக்கொண்டு, உயிரணுவின் விளிம்பிலுள்ள சவ்வுவரை கூடவே வருகின்றன. அவற்றுள் பெரியது, உயிரணுவுக்கு உஷ்ணம் தாக்கும்போது மிகுதியாக உற்பத்தியாகும் புரதங்களில் ஒன்று என்று கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏன் ஸார்க்குடன் வருகிறது என்று அப்போது சொல்லத் தெரிந்தவர் இல்லை.

உஷ்ணத்தாக்குதலால் உண்டாகும் புரதங்களின் சரித்திரமோ இதைவிட விசித்திரமானது. 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெர்ருச்சியோ ரிட்டோஸா என்ற இளம் விஞ்ஞானி, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய குரோமோசோம்களை நுண்நோக்காடியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் குரோமோசோம்களில் எந்த ஜீன் வேலை செய்கிறதோ அந்த இடம் பொம்மென்று உப்பி நிற்கும். ஆகையால் ஜீன்கள் விழித்திருப்பதையும் உறங்குவதையும் கண்ணாலேயே பார்க்க வசதியான பிராணி அது. ஆராய்ச்சிக்கூடத்தில் யாரோ ஒருவர் அவருடைய ஈக்கள் இருந்த பெட்டியின் உஷ்ணநிலையை அறியாமல் கூட்டிவைத்துவிட, அடுத்து அவர் நோக்காடியில் பார்த்தபோது பழைய இடங்களில் இருந்த உப்பல்கள் ஒடுங்கி, முன்பு ஒருபோதும் இராத இடங்களில் புதிய உப்பல்கள் எழுந்திருந்தன. வேறொருவராயிருந்தால் பெட்டியைத் திருத்திவிட்டு அன்றைய ஈக்களைத் தூர எறிந்திருப்பார். அவர் வேண்டுமென்றே மறுபடியும் உஷ்ணத்தைக் கூட்டி, சில நிமிஷங்களுக்குள் அதே உப்பல்கள் அதே இடங்களில் எழுவதைக் கண்டு கட்டுரை எழுதினார். பெயர்பெற்ற ஒரு பத்திரிகையின் ஆசிரியர், உயிரியலுக்கு இதனால் யாதொரு முக்கியத்துவமும் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாக ரிட்டோஸாவே 1996-இல் எழுதியிருக்கிறார். கட்டுரை 1962-இல் எக்ஸ்பீரியன்ஷியா என்னும் ஸ்விட்ஸர்லாந்துப் பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் படித்தவர்களும் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் நம் நாட்டவரும் உண்டு. கல்கத்தா சர்வகலாசாலையில் ஏ. எஸ். முகர்ஜியும், பிற்காலத்தில் காசி ஹிந்து சர்வகலாசாலையில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த எஸ். சி. லகோட்டியாவும், இந்த உப்பல்களில் குறிப்பிட்ட ஒன்றைமட்டும் பென்ஸமைடு என்ற ரசாயனத்தால் எழுப்ப முடியும் என்று 1970-இல் காட்டினார்கள். எழுபதாவது ஆண்டில், ஈயின் எச்சில் சுரப்பியில் என்ன உப்பினால் யாருக்கு என்ன என்று கேட்டவர்கள் கல்கத்தாவிலும் இருந்திருப்பார்கள்; அவர்களைக் குறைசொல்ல நமக்கும் அதிகாரமில்லை.

உப்பிய ஜீன்கள் எதை உற்பத்தி செய்கின்றன என்ற கேள்விக்கு 1974-இல் கலிபோர்னியாவில் விடை கிடைத்தது. ஆல்ஃப்ரெட் டிஸியெர், ஹெர்ஷல் மிச்செல், உர்ஸுலா ட்ரேஸி ஆகிய மூவரும், உஷ்ணம் தாக்கிய ஈக்களில் மற்றப் புரதங்களின் உற்பத்தி குன்றி, ஒரு சில புதிய புரதங்கள்மட்டும் பெருவாரியாக உண்டாவதைக் காட்டினார்கள். அதன் பிறகு பாக்டீரியாவிலும் செடியிலும் மனிதனிலும், உஷ்ணத்துக்கு மட்டுமின்றிச் சாராயத்துக்கும் பாஷாணத்துக்கும்கூட, உயிரணு இதே விதமாகவே விடையளிக்கிறது என்பது தெரிந்தது. இத்தனை புராதனமான, இத்தனை சர்வசாதாரணமான ஒரு காரியத்தை உயிர்கள் எதற்காகச் செய்கின்றன?

கோழிமுட்டையின் வெண்கருவை அடுப்பில் வைத்தால் அது வெளுத்துக் கெட்டியாவதையும், ஆறவைத்தாலும் மறுபடி இளகாததையும் பார்க்காதவர் இல்லை. நூல்போன்ற நீளமான சங்கிலியாகப் பிறந்து, தனக்கே உரிய ஒரு முறைப்படி மடிந்து, ஒரு குறிப்பிட்ட வடிவத்தை அடைந்த பின்னரே வேலை செய்யத் தகுதி பெறுவது புரதத்தின் இயல்பு. உஷ்ணம் அந்த மடிப்பைக் குலைக்கும்போது, உள்ளே மறைந்திருந்த நெய்ப்பசையுள்ள பாகங்கள் வெளியே தெரியவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பயனற்ற கட்டியாகிவிடுகின்றன. அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையக்கூடும், எவற்றில் வளையவே முடியாது என்பதை ஒரு படத்தில் வரைந்து காட்டி, உலகமெங்கும் அந்தத் துறை மாணவர்கள் இன்றும் முதற்பாடமாகக் கற்கும்படி செய்தவர், சென்னைச் சர்வகலாசாலையில் கிண்டியில் ஆராய்ச்சி நடத்திய ஜி. என். ராமச்சந்திரன். அது 1963-ஆம் ஆண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் பெத்தெஸ்தாவில் கிறிஸ்டியன் அன்ஃபின்ஸன், 124 அமினோ அமிலங்கள் கோத்த ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறு நொதியின் மடிப்பை ரசாயனங்களால் முற்றிலும் பிரித்துவிட்டு, அந்த ரசாயனங்களை நீக்கியதும் அது பிறர் உதவியின்றித் தானாகவே பழையபடி மடிந்துகொள்வதைக் காட்டினார். வடிவம் சங்கிலியிலேயே அடங்கியிருக்கிறது என்ற அந்த முடிவு 1972-இல் நோபல் பரிசும் பெற்று, ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. ஆனால் அன்ஃபின்ஸனின் சோதனைக்குழாயில் இருந்தது தெளிந்த நீர். உயிரணுவின் உட்புறமோ லிட்டருக்குச் சுமார் 300 கிராம் அளவில் புரதமும் பிற பெரிய மூலக்கூறுகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். அந்த நெரிசலில் பாதி மடிந்த புரதம் அண்டை அயலோடு ஒட்டிக்கொள்ளாமல் தன் மடிப்பை முடித்துக்கொள்ள வேண்டுமானால், அதுவரை அதைத் தாங்கிப் பிடிக்க வேறொன்று வேண்டியிருக்கிறது.

அந்த வேறொன்றைத்தான் இன்று ஷாப்பரோன் என்கிறார்கள். 1978-இல் கேம்பிரிட்ஜில் ரான் லாஸ்கி, தவளையின் முட்டையிலிருந்து கிடைத்த ஒரு புரதத்துக்கு முதன்முதலில் இந்தப் பெயரை வழங்கினார். அது இல்லாமல் டி.என்.ஏ.வையும் ஹிஸ்டோன் புரதத்தையும் கலந்தால் அவை உடனே திரிந்து கீழே படிந்துவிடும், அது இருந்தால் முறையாகப் பொருந்தும். இங்கிலாந்தின் வார்விக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் எல்லிஸ், பச்சிலைகளில் கரியமில வாயுவை நிலைப்படுத்தும் பெரிய நொதியின் பாகங்கள் ஒன்றுசேர்வதற்குமுன் மற்றொரு புரதத்தோடு தங்கியிருப்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். இப்படிப்பட்ட துணைப் புரதங்கள் உயிருலகம் முழுவதிலும் ஒரு வகுப்பாகவே இருக்கின்றன என்று 1987-இல் அவர் துணிந்து எழுதினார். ஹ்யூ பெல்ஹாம், உஷ்ணத்தால் உண்டாகும் புரதங்களின் வேலை, குலைந்துபோன புரதங்களை ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துக் காப்பதே என்று அதற்கு ஓராண்டு முன்னரே ஊகித்திருந்தார். 1989-இல் ஃப்ரான்ஸ் உல்ரிக் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும் ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவில், புதிதாக வந்துசேரும் புரதங்கள் மடிவதற்கே ஒரு ஷாப்பரோன் இன்றியமையாதது என்று நிரூபித்தபோது, அன்ஃபின்ஸனின் வேதவாக்குக்கு ஒரு பாஷ்யம் அவசியமாகிவிட்டது. சங்கிலியில் வடிவம் அடங்கியிருப்பது மெய்யே. ஆனால் அந்த வடிவத்தை எட்டும்வரை சங்கிலிக்குப் பாதுகாப்பு வேண்டும்.

இனி அலமாரியில் கிடந்த மருந்துக்குத் திரும்புவோம். ஹெர்பிமைசினும் அதன் உறவான கெல்டனமைசினும் ஸார்க் என்ற நொதியையே நேராக அடக்குகின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள்; ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அவற்றை அந்த வகையிலேயே கம்பெனிகளும் விற்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் லூக் வைட்ஸெலும் லென் நெக்கர்ஸும் வேறு விதமாகச் சோதித்தார்கள். கெல்டனமைசினை நுண்ணிய மணிகளில் பதித்து, உயிரணுக்களை உடைத்து எடுத்த சாற்றை அந்த மணிகளின் ஊடே செலுத்தி, மருந்து எதைப் பற்றிக்கொள்ளுகிறது என்று பார்த்தார்கள். மருந்து பற்றிக்கொண்டது ஸார்க்கை அல்ல. 1981 முதல் காரணம் விளங்காமல் ஸார்க்கின் கூடவே வந்துகொண்டிருந்த எச்.எஸ்.பி.90 என்ற உஷ்ணப் புரதத்தை. 1994-இல் வெளிவந்த இந்தக் கட்டுரையைத்தான், ஷாப்பரோன் ஆராய்ச்சியும் புற்றுநோய் வைத்தியமும் ஒன்றாகக் கலந்த இடம் என்று நான் கருதுகிறேன். அதற்குமுன் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே ஓடிய சரித்திரங்கள் அங்கே சந்திக்கின்றன. மேலும், அந்த ஆராய்ச்சிக்குத் தேவையான விஷயங்களில் பெரும்பாலானவை ஈயையும் கோழியையும் களையையும் பற்றிய கவலைகளிலிருந்து வந்தவையேயன்றி, புற்றுநோயை ஒழிக்கவென்று கிளம்பிய எந்தத் திட்டத்திலிருந்தும் வந்தவை அல்ல.

மூன்று ஆண்டுகளுக்குள், மருந்தும் புரதமும் பொருந்தியிருக்கும் விதம் எக்ஸ்-ரே படங்களில் தெளிவாயிற்று. எச்.எஸ்.பி.90 தன் காரியத்துக்கு வேண்டிய சக்தியை ஏ.டி.பி. என்னும் மூலக்கூற்றிலிருந்து பெறுகிறது, அந்த ஏ.டி.பி. வந்து அமரவேண்டிய குழியில் கெல்டனமைசின் அமர்ந்துவிடுகிறது. ராடிசிகாலும் அதே குழியைத்தான் நாடுகிறது என்பது அடுத்துத் தெரிந்தது. துணையை இழந்த ஸார்க் போன்ற புரதங்களை, உயிரணு தன் வழக்கப்படி அடையாளமிட்டு அழித்துவிடுகிறது. மார்பகப் புற்றில் மிகுந்து காணப்படும் ஹெர்2 முதலாக, எச்.எஸ்.பி.90-ஐ நம்பி வாழும் புரதங்கள் இருநூற்றுக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. புற்றை வளர்ப்பவை என்று பெயரெடுத்த பல, அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆரோக்கியமான உயிரணுவுக்கும் வேண்டிய புரதமாயிற்றே, அதை அடக்கினால் மனிதன் பிழைப்பானா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு ஒரு சமாதானத்தை ஸூஸன் லிண்ட்குவிஸ்டின் ஆராய்ச்சி அளித்தது. ஸிகாகோவில் அவரும் ஸுஸானா ரூதர்ஃபோர்டும் 1998-இல் பிரசுரித்த ஆராய்ச்சியில், எச்.எஸ்.பி.90 குறைந்த ஈக்களில் கண்ணும் சிறகும் காலும் பலவாறு கோணலாகப் பிறந்தன. தலைமுறை தலைமுறையாக மரபில் மறைந்திருந்த குறைகளை இந்தப் புரதம் இதுவரை வெளித்தெரியாமல் மூடிவைத்திருந்தது என்பது அவர்கள் முடிவு. புற்று உயிரணுவில் மரபுக் குறைகள் ஒன்றல்ல, இரண்டல்ல. கடன்மேல் கடன் வாங்கிக் குடித்தனம் நடத்துகிறவன் லேவாதேவிக்காரன் தயவிலேயே வாழ்வதுபோல, உருக்குலைந்த தன் புரதங்களை நிற்க வைப்பதற்கு அது இந்தத் துணையை மற்ற உயிரணுக்களைவிட அதிகமாக நம்பியிருக்கிறது. ஆகவே அளவறிந்து கொடுத்தால் புற்று முதலில் வீழும் என்று லிண்ட்குவிஸ்டும், அவரிடம் சேர்ந்திருந்த வைட்ஸெலும் 2005-இல் விரிவாக வாதித்தார்கள். வாதம் அழகானதுதான்.

வைத்தியசாலையில் அது அத்தனை அழகாக நடக்கவில்லை. கெல்டனமைசின் நாய்களின் ஈரலைக் கெடுத்ததால் மனிதருக்குக் கொடுக்கப்படவே இல்லை. அதைச் சிறிது மாற்றியமைத்த 17-ஏ.ஏ.ஜி. என்பது 1999-இல் நோயாளிகளிடம் முதன்முதலில் பரீட்சிக்கப்பட்டது. அதுவோ நீரில் கரையாமல் ஊசிமருந்து தயாரிப்பவர்களை வாட்டியது. ஹெர்2 மிகுந்த மார்பகப் புற்றுள்ளவர்களில், ட்ராஸ்டுஸுமாப் மருந்துக்கும் அடங்காத கட்டிகள் சிலருக்கு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது சுருங்கின, நம்பிக்கை உயர்ந்தது. ஆயினும் அதை விலைக்கு வாங்கியிருந்த பிரிஸ்டல்-மையர்ஸ் கம்பெனி 2010-இல் அதன் அபிவிருத்தியை நிறுத்திவிட்டது. லண்டனில் எச்.எஸ்.பி.90-இன் கட்டமைப்பை வைத்தே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட லூமினெஸ்பிப், நோயாளிகளில் சிலருக்குப் பார்வைத் தொல்லையை உண்டாக்கிற்று. நுரையீரல் புற்றுக்கெனப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட கனெடெஸ்பிப் 2015-இல் மூன்றாம் கட்டப் பரீட்சையில் தோற்றது.

தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று தனித்துக் கவனிக்கத்தக்கது. சாதாரண காலத்தில் எச்.எஸ்.பி.90, எச்.எஸ்.எஃப்.1 என்ற மற்றொரு புரதத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. உஷ்ணம் தாக்கும்போது விடுபட்டு, உஷ்ணப் புரத ஜீன்களையெல்லாம் எழுப்புவது இந்த எச்.எஸ்.எஃப்.1-தான். மருந்து எச்.எஸ்.பி.90-ஐ முடக்கியவுடன், உஷ்ணமே இல்லாதபோதும் அது விடுபட்டுப்போய் எச்.எஸ்.பி.70 முதலிய மற்றத் துணைப் புரதங்களைப் பெருக்கிவிடுகிறது. அவை புற்று உயிரணுவைச் சாவிலிருந்து காக்க முன்வருகின்றன. இன்னும் விசேஷம் என்னவென்றால், மருந்து உடலில் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அறிவதற்குப் பரீட்சை நடத்திய வைத்தியர்கள் பார்த்த அடையாளமே, இரத்தத்தின் வெள்ளணுக்களில் எச்.எஸ்.பி.70 கூடியிருக்கிறதா என்பதுதான். மருந்து சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டதற்கு எது சாட்சியோ, அதுவே நோய்க்குக் கவசமாகவும் இருந்தது.

இந்த இனத்தில் மருந்தென்று எந்த அரசாங்கமாவது முதலில் அங்கீகரித்தது 2022 ஜூன் மாதத்தில், ஜப்பானில். தைஹோ கம்பெனியின் பிமிடெஸ்பிப் என்ற அந்தச் செயற்கைப் பொருள், இரைப்பை குடல்களில் தோன்றும் ஜிஸ்ட் என்ற அபூர்வமான கட்டிக்கு, இமாட்டினிப், சுனிட்டினிப், ரெகோராஃபெனிப் ஆகிய மூன்று மருந்துகளும் கைவிட்ட பிறகு கொடுக்கப்படுவது. 86 நோயாளிகளிடம் நடத்திய பரீட்சையில், வெறும் மாத்திரை உண்டவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலத்தின் நடுமதிப்பு 1.4 மாதம், பிமிடெஸ்பிப் உண்டவர்களுக்கு 2.8 மாதம். ஐம்பது ஆண்டு உழைப்பின் விளைவு இவ்வளவுதானா என்று ஒருவர் கேட்டால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. வேறு மருந்து எதுவும் பாக்கியில்லாத ஒரு நோயாளிக்கு ஆறு வார காலம் எத்தகையது என்பதையும் அவர் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களோ இப்போது எச்.எஸ்.பி.70-ஐயும் எச்.எஸ்.எஃப்.1-ஐயும் அடக்கும் பொருள்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.